சுவிசேஷமும் சபையொழுங்கும்

திருச்சிக் கோட்டையிலுள்ள கிறிஸ்து ஆலயம் எச்சபையாரால் எழுப்பப்பட்டது என வினவின், விடை எளிதன்று. 1766-ல் அதனைக் கட்டிமுடித்த சுவார்ட்ஸ் ஐயர் பிரஷ்ய தேசத்தவர். 1749-ல் கோப்பன்ஹேகன் நகரில் லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றவர். பின்னர் அவருக்கு வேதனம் அளித்ததோ இங்கிலாந்துச் சபையைச் சார்ந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம். கோட்டையிலிருந்த ஆங்கிலப் படைவீரருக்கு அவர் ஆங்கில ஜெபப் புத்தகத்தைக் கொண்டே ஆராதனை நடத்தினார்.

வேதவாக்கியமே பிரமாணம், சிலுவைப் பலியே மீட்பு, மனந்திரும்புதல் ஒவ்வொருவருக்கும் வேண்டுவது என வற்புறுத்துவோரைச் சுவிசேஷ நெறியார் என்கிறோம். அத்தியட்சர், ஜெபப் புத்தகம், முறையான குருப்பட்டம் ஆகியவற்றைப் பேணுவது ஆங்கிலிக்கன் சபை. ஒருவர் இரண்டுமாயிருத்தல் கூடுமோ? காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாட்டின்போது முன்னே தமிழ்ப் பிரபந்தம் ஓதுவோரும், பின்னே வடமொழி வேதம் ஓதுவோரும் செல்லக் காண்கிறோம். இரண்டையும் தமதெனக் கொள்வதே உபயவேதாந்தம் என்பர். (அவ்வூரிலும் வழக்குகள் இல்லாமலில்லை.) நம் சபையிலோ, ஒன்று மற்றொன்றை வீதியிலேயே மறித்த காலமும் உண்டு.

1790-ல் தஞ்சையில் சத்தியநாதன் என்னும் தமிழருக்கு லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அத்தியட்சர் கை வைக்கவில்லை. இங்கிலாந்துச் சங்கம் அதனை வெறுக்கவில்லை. அவருடைய பிரசங்கத்தை அச்சிட்டு வெளியிடவும் செய்தது. ஆனால் 1814-ல் கல்கத்தாவில் அத்தியட்சர் வந்து அமர்ந்தபின் நிலைமை மாறிற்று. திருநெல்வேலியில் எண்ணிறந்த சபைகளை வளர்த்த ரேனியஸ் ஐயர், சுவார்ட்ஸ் ஐயரைப்போலவே ஜெர்மானியர், லுத்தரன். அவர் தம் உபதேசியார் சிலருக்குப் பழைய முறையிலேயே பட்டம் அளிக்க விரும்பினார். சர்ச் மிஷன் சங்கமோ சுவிசேஷ நெறியில் ஊறியது. ஆயினும் அத்தியட்சரின் பட்டமே வேண்டுமென்றது. 1835-ல் அவரை விலக்கிற்று. சபைகள் இரண்டுபட்டன. 1838-ல் அவர் மரித்த பின்னரே அப்பிளவு ஆறத் தொடங்கிற்று. தஞ்சையில் செல்லுபடியான பட்டம் நெல்லையில் ஏன் செல்லாதாயிற்று என்று அங்குள்ள எளிய கிறிஸ்தவன் கேட்டிருப்பின், அவனுக்கு என்ன விடை கூறுவது?

சங்கத்தாரை நாம் முற்றும் குறைகூறுதற்கில்லை. ஒழுங்கு எதற்காக என்பதை இத்திருச்சியிலேயே காணலாம். ஹீபர் அத்தியட்சர் சுவிசேஷக் கட்சியைச் சேர்ந்தவரல்லர். எனினும் அக்கட்சியாரின் சங்கத்திற்கும் மற்றைச் சங்கத்திற்கும் ஒருங்கே துணைநின்றவர். முன்னரே லுத்தரன் பட்டம் பெற்றிருந்த அப்துல் மசீகுக்கு 1825-ல் கல்கத்தாவில் மறுபடியும் பட்டம் அளித்தவரும் அவரே; அச்செயலை நாம் ஒப்புவதெளிதன்று. 1826 ஏப்ரல் 3-ம் நாள் விடியற்காலையில் அவர் கோட்டை ஆலயத்திற்கு வந்து, தமிழ்க் கிறிஸ்தவர்மீது கைவைத்துத் திடப்படுத்தித் தமிழிலேயே ஆசி கூறினார். போதகரின்றித் தவித்த சபையார், தங்களுக்கு ஒருவரைத் தரவேண்டுமென்று அவரிடம் விண்ணப்பஞ் செய்தனர். இல்லந் திரும்பி நீராடச் சென்றவர் நீரிலேயே உயிர் நீத்தார், வயது நாற்பத்திரண்டு. அவருடைய கல்லறை பரிசுத்த யோவான் ஆலயத்தினுள் இருக்கிறது. அம்மக்கள் அவரிடம் கேட்டது அத்தியட்ச பதவியைப்பற்றிய போதனையன்று. சுவிசேஷத்தைச் சொல்ல ஓர் ஆள். அதனை முறைப்படி அனுப்ப வல்லது ஒழுங்கே என்றறிந்தே அவரிடம் கேட்டனர்.

1912-ல் இந்தியருள் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சராகிய அசரியா, திருநெல்வேலிச் சுவிசேஷ நெறியின் மைந்தர். 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய போதகருள் அவரும் ஒருவராய் நின்று, சபைகளின் ஐக்கியத்திற்கு அடிகோலினார். 1945-ல் அவர் மரித்தார். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டாயிற்று. திருச்சியிலிருந்த ஆங்கிலிக்கன் சபைகளும் அதனுள் அடங்கின. இனிப் பட்டம் அளிப்போர் அத்தியட்சரே என்று அங்கு விதிக்கப்பட்டது. ஆனால் அத்தியட்சர் கைபடாமல் முன்னரே பட்டம் பெற்றிருந்த போதகர்கள் மறுபட்டமின்றி ஏற்கப்பட்டனர். ரேனியஸ் ஐயர் கேட்டது ஏறக்குறைய இதுவே; விடை வர நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.