மாசாயில் 400 பேரும் ஒரு 0.03-உம்

மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாக 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. ஜொகூர் மாசாயில், கோயில் மண்டபத்தில் ஒரு முகாம் நடத்தி, 400 பேரின் விரலில் ஊசி குத்திப் பார்த்ததில் 78 பேருக்கு, அதாவது 19.5 விழுக்காட்டினருக்கு, நோய் இருந்ததாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். புள்ளியியல் படித்த பிள்ளை கணினியைத் தட்டி, "பி மதிப்பு 0.03" என்கிறது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

நம்பிக்கை: மாசாயில் நோய் அதிகம் என்பது 97 விழுக்காடு உறுதி.

உண்மை: மாசாயிலும் விகிதம் 15.6தான் என்று முதலில் ஒப்புக்கொண்டுதான் இந்தக் கணக்கே தொடங்குகிறது. அப்படியிருக்க, 400 பேரைக் குலுக்கலில் எடுத்தால், மேலேயோ கீழேயோ இவ்வளவு தூரமோ இன்னும் அதிகமோ விலகிய விடை நூறு தடவையில் ஏறக்குறைய மூன்று தடவை வரும். 0.03 சொல்வது அவ்வளவுதான். ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, அது உண்மையாக இருக்க எத்தனை வாய்ப்பு என்று எப்படிச் சொல்லும்? அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி மதிப்பைப் பற்றி 2016-இல் விட்ட அறிக்கையில் இதையும் சொல்ல வேண்டி வந்தது.

நம்பிக்கை: பி மதிப்பு சிறிதென்றால் வித்தியாசம் பெரிது.

உண்மை: 40,000 பேரைச் சோதித்து 16 விழுக்காடு வந்தாலும் அதே 0.03தான். அந்த 0.4 புள்ளிக்காக எந்தக் கிளினிக்கும் கூடுதலாக மருந்து வாங்கி வைக்காது. மாறாக, 19.5 விழுக்காடு 200 பேரில் வந்திருந்தால் 0.13. வழக்கமான எல்லையான 0.05-ஐத் தாண்டிவிட்டதால், உடனே 'வித்தியாசமே இல்லை' என்று எழுதிவிடுவார்கள். ஆள் போதவில்லை என்பதே சரி. அந்த எல்லைக்கோடும் தெய்வவாக்கல்ல. இருபதில் ஒன்று வசதியான அளவு என்று புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் எழுதியதுதான் இன்றுவரை ஓடுகிறது.

நம்பிக்கை: 0.03 வந்துவிட்டால் ஆய்வு சரியாக நடந்திருக்கிறது.

உண்மை: என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மோசம். முகாமுக்கு யார் வருகிறார்கள்? அம்மாவுக்கு இருக்கிறதே என்ற பயத்தில் வருகிறவர்கள், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள். விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிய இளைஞர் வருவதில்லை. தேசிய ஆய்வு வீடுகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறது. முகாமோ வந்தவர்களை எண்ணுகிறது. இந்தக் கோணல் பி மதிப்புக்குத் தெரியாது. இதே கோணலோடு 4,000 பேர் வந்தால் பி மதிப்பு இன்னும் சுருங்கும். தவறான விடை இன்னும் உறுதியாகத் தெரியும். வந்தவர்களின் வயதையாவது குறித்துக்கொண்டு, அதே வயதுக்காரர்களின் தேசிய விகிதத்தோடு ஒப்பிட்டால், அந்த 4 புள்ளியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கலாம்.