குளோரின் தூளைப் பாதுகாப்பாக வைத்திருப்போம்

கிணற்று நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் குளோரின் தூள், கவனம் தவறினால் கண்ணையும் தோலையும் எரிக்கும், மூச்சை அடைக்கும். சமையலும் படுக்கையும் உரப்பையும் ஒரே கொட்டிலில் இருக்கும்போது ஆபத்து அதிகம்.

தூளை இறுக மூடிய பிளாஸ்டிக் வாளியில் இட்டுப் பெயர் எழுதுங்கள். தகரப்பேணி துருப்பிடிக்கும், சோடாப் போத்தல் பிள்ளைகளை ஏமாற்றும். ஈரமும் வெயிலும் படாத, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யூரியா, மண்ணெண்ணெய், அமிலம் ஆகியவை அருகில் இருக்கலாகாது. அமிலம் கலந்தால் நச்சுவாயு எழும்.

கரைக்கும்போது வெளியில் நின்று, கையுறை அணிந்து, தண்ணீருக்குள் தூளைச் சிறிது சிறிதாக இடுங்கள். தூளின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கண்ணில் பட்டால் கசக்காமல், குறைந்தது 15 நிமிடம் சுத்தமான நீரால் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.