விஞ்ஞானியாக எத்தனை ஆண்டுகள்?

பத்தாம் வகுப்பில் பயிலும் நமக்கு வயது 15. மருத்துவ விஞ்ஞானியாக இன்னும் எத்தனை ஆண்டுகள் படிக்க வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம், தோழியரே! மேல்நிலைப் படிப்பு 2 ஆண்டுகள். நீட் தேர்வில் தேறினால் எம்.பி.பி.எஸ்., பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள். எம்.டி. 3 ஆண்டுகள். ஆகப் பத்தரை ஆண்டுகள்! "அப்புறம் கல்யாணம் எப்போது?" என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள்.

டாக்டர் செல்லப்பன் நிர்மலாவின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லலாம். 1985-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவி, மணமானவர், முப்பது வயதைக் கடந்தவர். எய்ட்ஸ் இந்தியாவில் இல்லையென்றே பலரும் நம்பிய காலம் அது. அந்நோயைப் பற்றி ஆராயும்படி பேராசிரியை சுனிதி சாலமன் கூறினார். தயங்கிய நிர்மலாவுக்குக் கணவர் ஊக்கமளித்ததோடு, இரத்த மாதிரிகள் சேகரிக்க ஸ்கூட்டரிலும் அழைத்துச் சென்றார். அவற்றை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தாராம். (நம் அம்மாக்கள் சம்மதிப்பார்களா?) சென்னையில் அப்போது சோதனை வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டு சென்றார். 6 மாதிரிகள் மஞ்சள் நிறமாயின. அந்நோய்க் கிருமி நம் நாட்டிலும் உண்டென்பது அன்றுதான் தெரிந்தது.

நமக்கு வேலூர்கூடத் தொலைவுதான். ஆனால் சேலத்தில் 1986-இலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. அங்கும் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகளே. கோழிப் பண்ணைகள் நிறைந்த நம் பக்கத்தில் ஆராய வேண்டிய நோய்களுக்கா பஞ்சம்?