கழிவிலிருந்து மருந்து: வணிகர் அறிய வேண்டிய கணக்கு

வள்ளூர், மீஞ்சூர், எண்ணூர் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நாம் பிண்ணாக்கு, தவிடு, சோளமாவு ஆகியவற்றை நாள்தோறும் எடை போட்டு விற்கிறோம். இவற்றைப் போன்ற சரக்குகளே உயிர்காக்கும் மருந்துகளுக்கும் தீனி என்பதை நம்மில் பலர் அறியோம். பெனிசிலின் உருவான கதை வணிகருக்கு நல்ல பாடம்.

சந்தைக்கு வந்த பூசணம்

1928இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். ஆனால் அது துளித்துளியாகத்தான் கிடைத்தது. 1941இல் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் அமெரிக்காவின் பியோரியா நகருக்குச் சென்றனர். மிஞ்சும் விளைபொருளுக்குப் புதுப் பயன் தேடவே அங்கு அரசு ஆய்வுக்கூடம் இருந்தது. ஸ்டார்ச் ஆலையில் மக்காச்சோளம் ஊறவைத்த நீரைப் பூசணத்துக்குக் கொடுத்தபோது விளைச்சல் பத்து மடங்குக்கு மேல் பெருகியது. 1943இல் அவ்வூர்ச் சந்தையில் வாங்கிய பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றிலிருந்து இன்னும் வீரியமான வகை கிடைத்தது. அவ்வாண்டு ஒரு டோஸ் 20 டாலர்; 1946இல் 55 சென்ட்!

தொழில் நடக்கும் விதம்

பெரிய தொட்டியில் சர்க்கரை நீரும், புரதத்துக்குச் சோயா அல்லது பருத்திக்கொட்டை மாவும் இட்டுக் கொதிநீராவியால் கிருமி நீக்குகிறார்கள். பிறகு பூசணத்தை விதைத்து, தூய காற்றைச் செலுத்தி, சுமார் 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் கலக்கி வருகிறார்கள். சர்க்கரையை அளந்தளந்துதான் கொடுக்க வேண்டும். தாராளமாகக் கொடுத்தால் பூசணம் கொழுக்கும், மருந்து சுரக்காது. வேற்றுக் கிருமி புகுந்தால் தொட்டி முழுதும் நட்டம்.

எந்தக் கழிவு இலாபம்?

சேலம் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்து நிறைய உண்டு. நொதிகளைக் கொண்டு அதை எளிதில் சர்க்கரையாக்கலாம். வைக்கோலும் கரும்புச் சக்கையும் அப்படியல்ல. அவற்றின் சர்க்கரை கடினமான நாரில் பூட்டிக் கிடக்கிறது. நீராவியோ அமிலமோ கொண்டுதான் திறக்க வேண்டும். அப்போது பூசணத்தின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களும் கூடவே உண்டாகின்றன. அவற்றை நீக்கச் செலவு. சக்கை இலேசானது, இடத்தை அடைப்பது. ஆகவே லாரி வாடகையும் கூடுதல். வாங்கும் விலை மலிவு என்பதால் அடக்க விலையும் மலிவாகிவிடாது என்பதை நாம் அறிவோம் அல்லவா?

நாட்டின் நிலை

நம் நாட்டில் புனே அருகே பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற அரசு நிறுவனம் அமைந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உதவின. அடுத்த ஆண்டே பெனிசிலின் வெளிவந்தது. பின்னாளில், சீனாவிலிருந்து வந்த மலிவுச் சரக்கின் முன் நிற்க முடியாமல் நம் பெனிசிலின்-ஜி ஆலைகள் ஒவ்வொன்றாக உற்பத்தியை நிறுத்தின. ஒரே இடத்துச் சரக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதை உணர்ந்த மத்திய அரசு 2020இல் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. அதன் பயனாக 2024இல் ஆந்திராவின் காக்கிநாடாவில் ஆண்டுக்கு 15,000 டன் திறனுள்ள பெனிசிலின்-ஜி ஆலை இயங்கத் தொடங்கியது. இந்த ஆலை நிலைப்பது சர்க்கரையும் மின்சாரமும் கிடைக்கும் விலையைப் பொறுத்தது.

ஓர் எச்சரிக்கை

பூசணம் மருந்து தருகிறது என்பதற்காக நம் கிடங்கில் பூசணம் பிடித்த சரக்கை விற்றுவிடக் கூடாது. மணிலாக்கொட்டையிலும் பிண்ணாக்கிலும் படரும் வேறு வகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் முழுதும் போகாது. கடற்காற்று ஈரம் மிகுந்த நம் பகுதியில் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் கட்டைமேல் அடுக்குவோம்; சுவரோடு ஒட்டாமல் இடம் விடுவோம்; பழைய சரக்கை முதலில் தள்ளுவோம்.

பூசணம் மருந்தாவதும் நஞ்சாவதும் அதன் வகையையும் வளர்க்கும் முறையையும் பொறுத்தது. கழிவு காசாவதும் அப்படியே: கணக்கும் தூய்மையும் இருந்தால்தான் ஆகும்.