உள்ளாடையில் மலம் கசிவது சோம்பலா?

நான்கு வயதைக் கடந்த பிள்ளையின் உள்ளாடை அடிக்கடி மலத்தால் அழுக்காகிறதா? பிள்ளையை ஏசாதீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் நாட்பட்ட மலச்சிக்கலே.

இறுகிய மலம் தேங்கி மலக்குடலை விரிக்கிறது. நாளடைவில் மலம் வரும் உணர்வு மங்கிவிடும். தேங்கிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் தானாகவே கசியும். இதை வயிற்றோட்டம் என்று எண்ணுவோர் பலர்.

நித்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வயிற்றுவலி பிள்ளையின் நித்திரையைக் குழப்பும். விரிந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சில பிள்ளைகள் படுக்கையையும் நனைப்பார்கள். பிந்தி உறங்கும் பிள்ளையோ காலையில் அவசரமாகப் பாடசாலைக்கு ஓடும். காலை உணவுக்குப் பின் குடல் நன்கு இயங்கும் நேரம் இப்படியே தவறிவிடுகிறது.

பெற்றோர் செய்யவேண்டியவை:

1. பாடசாலைப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணிநேர நித்திரை தேவை. நேரத்துக்குப் படுக்கவையுங்கள்.
2. ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் 5 முதல் 10 நிமிடம், பாதங்களுக்குக் கீழே சிறு பலகை வைத்து, மலசலகூடத்தில் அமரவிடுங்கள்.
3. தண்ணீர், பழம், மரக்கறி போதியளவு கொடுங்கள்.
4. வைத்தியர் மாக்ரோகோல் போன்ற மருந்து தந்தால் இடையில் நிறுத்தாதீர்கள். பல மாதங்கள் தேவைப்படலாம்.

ஏறத்தாழ 4 வயதில் வரும் ஊ-8, 5 வயதில் வரும் ஊ-9 பரிசோதனைகளில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஹாலே பல்கலைக்கழக மருத்துவமனையில் சிறுவர் பிரிவும் உண்டு. மலத்தில் இரத்தம், வாந்தி, கால்களில் பலவீனம், நித்திரையில் கசிவு ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.