மல்லாட்டைக்கு மண்ணுக்குள்ளேயும் ஒரு வாய்

உறிஞ்சும் பம்பு பத்து மீட்டருக்குச் சற்று மேல் போனாலே தண்ணீரை இழுக்காது என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் 20 மீட்டர் தென்னை, மோட்டார் இல்லாமலே உச்சிக்கு நீர் ஏற்றுகிறதே, எப்படி?

வேர் செல்லின் சாறு அடர்த்தியானது, மண்ணின் நீர் நீர்த்தது. அதனால் சவ்வைக் கடந்து தண்ணீர் உள்ளே வருகிறது. இதுதான் சவ்வூடு பரவல். (மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய மண்ணில் கதை தலைகீழ், ஈரமிருந்தும் பயிர் வாடும்.) உள்ளே வந்த நீரை, இலையில் ஆவியாகும் நீர் சைலம் குழாய் வழியாக மேலே இழுக்கிறது. சத்துகளும் கூடவே ஏறும்.

இனி நம்ம மல்லாட்டைக்கு வருவோம். டி.எம்.வி. ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை அவை. பொக்கு விழுந்தால் எங்க ஊரில் "யூரியா பத்தலை" என்பார்கள். விஷயம் வேறு. வேர் எடுத்த சுண்ணாம்புச் சத்து சைலத்தில் இலைக்குப் போய்விடும். சர்க்கரையைக் கீழே இறக்கும் ஃபுளோயத்தில் அது அநேகமாகத் திரும்பாது. மண்ணுக்குள் இருக்கும் காயோ நீரை ஆவியாக்குவதில்லை, ஆகவே சைலமும் அதற்கு ஊட்டாது. விழுதும் காயும் தம் தோலாலேயே மண்ணிலிருந்து சுண்ணாம்பை எடுத்தாக வேண்டும்!

அதற்குத்தான் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம். செலவு என்று இதை விட்டவர் மூட்டை, விழுப்புரம் கமிட்டியில் உடைத்துப் பார்க்கும்போது பருப்பில்லாமல் விலை இறங்கும். ஜிப்சம் போட்டாலும் ஈரம் வேண்டும். கரையாத சுண்ணாம்பு காய்க்குள் போகாது.