தெள்ளுப்பூச்சியை ஒழிக்கும் முறை

வீட்டைக் காக்கும் நாய்க்குச் சோறிடுகிறோம். அது படுக்கும் இடத்தை நாம் கவனிப்பதில்லை. நாஞ்சில் நாட்டிற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. வயலுக்கு நன்மை செய்யும் ஈரமே தெள்ளுப்பூச்சிக்கும் ஏற்றதாகிறது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமரும் நெசவாளருக்குக் கணுக்காலில் கடி விழும்போதுதான் இதன் தொல்லை தெரிகிறது. ஆகையால் இம்மாதம் அதனை ஒழிக்கும் வழியைப் படிப்போம்.

பூச்சியின் வாழ்க்கை

நாயின் மேல் நாம் காண்பது வளர்ந்த பூச்சியை மட்டுமே. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்குச் சுமார் 40 முட்டைகள் வரை இடும். பத்து நாளில் 400 ஆகும். அவை மயிரில் ஒட்டுவதில்லை; நாய் படுத்த இடத்தில் உதிர்கின்றன. சில நாட்களில் வெளிவரும் புழு, வெளிச்சத்திற்கு அஞ்சித் தரைவெடிப்பிலும் தூசியிலும் மறைந்து வளர்கிறது. பின்னர் பட்டுப்புழுவைப் போலக் கூடு கட்டிக்கொள்கிறது. ஆதலின் நோய் நாயிடம் காணப்பட்டாலும் அதன் வேர் நம் தரையில் இருக்கிறது.

அறிவது எவ்வாறு?

நாயின் மயிரைச் சீவி, விழும் கரும்பொடியை நனைந்த வெள்ளைத் துணித்துண்டில் இடுக. பொடியைச் சுற்றிச் செந்நிறம் படர்ந்தால் அது பூச்சி கழித்த இரத்தமே.

செய்ய வேண்டியவை

1. நாய்க்கு ஒரே படுக்கையிடம் அமைத்துப் பழைய சாக்கு விரிக்கவும். வாரம் ஒருமுறை அதனை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்தவும்.

2. திண்ணை, கட்டிலடி, தறிக்குழி ஆகியவற்றை நாள்தோறும் பெருக்கவும். குப்பையைச் சோப்பு நீரில் கொட்டவும். தரைவெடிப்புகளை அடைக்கவும். தறிக்குழியில் நாயைப் படுக்க விடலாகாது.

3. வைக்கோற்படப்பின் அடியிலும், ஓலை, மட்டைக் குவியலின் நிழலிலும் புழு பிழைக்கும். அவ்விடங்களைச் சுத்தம் செய்து வெயில் பட விடவும்.

4. அரசுக் கால்நடை மருந்தகத்தில் காட்டி, நாயின் எடைக்கு ஏற்ற மருந்து பெறவும். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை வேண்டும்.

செய்யத் தகாதவை

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தின் மிச்சத்தை நாயின் மேல் பூசுவது பெருந்தவறு. நாய் அதனை நக்கும். குழந்தை அந்நாயைத் தொடும். இரு உயிருக்கும் ஆபத்து. மண்ணெண்ணெயும் கூடாது. பெர்மெத்ரின் கலந்த நாய்மருந்து பூனையைக் கொல்லக்கூடும். நூலின் மேல் மருந்து தெளிக்கவும் வேண்டாம்.

மருந்திட்ட பின்னும் சில வாரம் பூச்சி தோன்றினால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி இரட்டிப்பாக இடலாகாது. கூட்டுக்குள் இருக்கும் பூச்சியை மருந்து எளிதில் எட்டாது. அது மாதக்கணக்கில் காத்திருந்து, நடமாட்டத்தின் அதிர்வும் உடற்சூடும் உணர்ந்து வெளிவரும். எனவே மூன்று மாதமேனும் இடைவிடாது முயல வேண்டும்.

அலட்சியம் ஏன் ஆகாது?

1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சீமோன், எலியின் தெள்ளுப்பூச்சியே பிளேக் நோயைப் பரப்புகிறது எனக் கண்டறிந்தார். நாயின் பூச்சி அத்தகைய கொடியதன்று. எனினும் நாடாப்புழுவின் கருவைச் சுமக்கிறது. பூச்சியைக் கடித்து விழுங்கும் நாய்க்கும், அறியாமல் விழுங்கிவிடும் குழந்தைக்கும் அப்புழு உண்டாகும். நாயின் மலத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் தென்பட்டால் மருத்துவரிடம் கூறவும்.

ஒரு வீடு மட்டும் சுத்தமானால் அடுத்த வீட்டு நாயோடு பூச்சி மீண்டும் வரும். கூட்டுறவின் பயனைக் கடனிலும் கொள்முதலிலும் கண்ட நாம், தெருவார் அனைவரும் ஒரே வாரத்தில் இப்பணியைத் தொடங்கி இங்கும் அதனைக் காண்போமாக.